யாரு ஊட்டுப் புள்ள நீ?

புதுச்சேரியின் முத்தியால்பேட்டை எங்கே முடிகிறது, கோட்டக்குப்பம் எங்கே தொடங்குகிறது என்பது கடைப் பலகைகளைப் படித்தால்தான் தெரியும். வீடுகள் ஒட்டியே நிற்கின்றன. சாலையும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பக்கம் ஒன்றியப் பிரதேசம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். நாலு எட்டு வைப்பதற்குள் வண்டிகளின் எண் பலகை மாறிவிடுகிறது, கரண்ட் பில்லின் தலைப்பு மாறிவிடுகிறது. 1954 நவம்பர் 1 வரை அரசே மாறியது. அங்கே பிரெஞ்சுக்காரர், இங்கே வெள்ளைக்காரன், பிறகு சுதந்திர இந்தியா. நடுவில் சுங்கக் காவல். அக்கம்பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்கப் போவதும் எல்லை கடப்பதாகவே இருந்த காலம் அது.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியைக் கையளிக்கும் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அதில் ஒரு விதி. பிறப்பு எல்லையின் எந்தப் பக்கம் பதிவானது என்பதைக் கொண்டு, ஒரு வயிற்றுப் பிள்ளைகளே இரண்டு நாட்டவராகப் பிரிய அது இடம் கொடுத்தது. வலி கண்ட இரவில் மருத்துவச்சி கிடைத்தது எந்தத் தெருவில் என்பது, பின்னால் பேரன் படிக்கப் போகும் ஊரை முடிவுசெய்தது. மனிதர் தம்மைப் பற்றிக் கொள்ளும் பெருமைகளில் எத்தனை இப்படிப்பட்டவை என்று உட்கார்ந்து யோசித்தால் மனம் தானாக அடங்கும்.

கோட்டக்குப்பம் பல ஊர்கள் சேர்ந்த ஊர். பள்ளிவாசலைச் சுற்றி நெருக்கமாக முஸ்லிம் தெருக்கள். கடலோரமாக நடுக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள். வடக்கே முதலியார்சாவடிகள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபிறகு முளைத்த புது நகர்கள். 2021-இல் பேரூராட்சி நகராட்சியானது. பிள்ளைகள் பிரான்சில், வளைகுடாவில், சிங்கப்பூரில். பெயரைக் கேட்டால் மதம் தெரியும், தெருவைக் கேட்டால் சாதி தெரியும், பாஸ்போர்ட்டைக் கேட்டால் அதிர்ஷ்டம் தெரியும். ஊரில் புதிதாகக் கால் வைக்கும் எவரையும் திண்ணைப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘யாரு ஊட்டுப் புள்ள நீ?’

அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. தெரிந்த வீட்டுப் பிள்ளையென்றால் அடுத்த நொடியே தண்ணீர் வரும், தேநீர் வரும், ‘ஒங்க தாத்தா இருக்காரே’ என்று ஒரு கதை வரும். அதே கேள்வியில் வேலியும் இருக்கிறது. பதில் சரியில்லையென்றால் கேட்டவரின் முகம் மெல்ல மூடிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். நான் இங்கே சிந்திக்க விரும்புவது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறிய இடத்தைப் பற்றி. பதில் எதுவாயிருந்தாலும் முகம் மூடாத ஒரு கேட்பு உண்டா?

இதே விழுப்புரத்தில், 1896 ஆகஸ்ட் மாத இறுதியில், இரவு இரண்டு கழிந்து மூன்று மணி வாக்கில், மதுரையிலிருந்து வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் ரயிலிலிருந்து இறங்கினான். வீட்டில் எழுதிவைத்துவிட்டு வந்த கடிதத்தில் அவன் கையெழுத்துக்கூடப் போடவில்லை. விடிந்ததும் திருவண்ணாமலைக்கு வழி தேடித் தெருத்தெருவாக அலைந்தான். ஓர் உணவு விடுதியில் உச்சிவரை காத்திருந்து சாப்பிட்டு, காசை நீட்டினான். கையில் எவ்வளவு இருக்கிறது என்று விடுதிக்காரர் கேட்டார். இரண்டரை அணா என்று தெரிந்ததும் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளை யாரென்று அவருக்குத் தெரியாது. பசித்து வந்தவன், தூரம் போகிறவன். அவ்வளவுதான் அவர் கண்டது.

பையன் மாம்பழப்பட்டு வரை ரயிலிலும், அங்கிருந்து நடந்தும் போனான். கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை சேர்ந்ததும், அய்யங்குளத்தருகே தலையை மழித்துக்கொண்டு, மிச்சக் காசையும் பூணூலையும் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டு மீதியையும் விட்டான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்த அவர், வந்தவர்களுக்கெல்லாம் தந்த பாதை ஒற்றைக் கேள்விதான். நான் யார் என்று கேள். கேட்பவன் யாரென்று பார்.

யாரு ஊட்டுப் புள்ள என்பது வெளியிலிருந்து வருகிற கேள்வி. நான் யார் என்பது உள்ளே போகிற கேள்வி. பையன் முதல் கேள்விக்கான அடையாளங்களையெல்லாம் குளக்கரையில் விட்டுவிட்டு இரண்டாவதோடு மட்டும் மலைக்குப் போனான். நம்மில் பெரும்பாலோரால் அது முடியாது. நமக்குக் குடும்ப அட்டை உண்டு, வீட்டுக் கடன் உண்டு, கல்யாணத்துக்கு நிற்கும் மகள் உண்டு. பெயரையும் தெருவையும் எறிந்துவிட்டு நாம் எங்கும் போக முடியாது. அப்படியானால் சம்சாரிகளுக்கு வழி என்ன?

பல வருடங்களாக இந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்தவன் நான். எனக்குக் கிடைத்த விடை எளிமையானது. நம் தெருவைப் பற்றி எழுதப்பட்ட நல்ல சிறுகதைகள் இந்த வேலையை நமக்காகச் செய்கின்றன. பெயரைப் பறிக்காமலே அவை பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளிடம் நம்மை அழைத்துப் போகின்றன. கதை படிப்பதை நான் பொழுதுபோக்கு என்று சொல்வதை விட்டுப் பல காலமாகிறது. எனக்கு அது அனுஷ்டானம்.

பிரபஞ்சனை எடுத்துக்கொள்வோம். கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1945-இல் புதுச்சேரியில் பிறந்து, 2018 டிசம்பரில் அங்கேயே கண்மூடினார். ‘வானம் வசப்படும்’ நாவலுக்காக 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய ‘பிரும்மம்’ என்ற சிறுகதையின் தலைப்பைப் பார்த்துவிட்டு உபநிடத விளக்கத்தை எதிர்பார்த்து உள்ளே போனால், அங்கே நிற்பது ஒரு முருங்கை மரம். புது வீட்டின் முன்னால் கொஞ்சம் வெற்றிடம். அங்கே என்ன வைக்கலாம் என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கடைசியில் முருங்கை. மரம் வளர வளர வீடும் தெருவும் அதைச் சுற்றி வளர்கின்றன. கீரைக்கு வருகிறார்கள், காய்க்கு வருகிறார்கள். காக்கையும் அணிலும் வருகின்றன. ஒரு நாள் காற்றும் மழையும் அடித்து மரம் சாய்ந்துவிடுகிறது. வீடு துக்கம் காக்கிறது. பிறகு எஞ்சிய கட்டையில் துளிர் விடுகிறது. கதை அவ்வளவுதான்.

அந்தக் கதையில் கீரை கேட்டு வந்தவர்கள் என்ன சாதி, என்ன மதம் என்பதைத் தேடிப் பார்க்க எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அவர்களுக்கு அடையாளமே இல்லாமல் போனது என்பதால் இல்லை. மரத்தடியில் நிற்கிற நேரத்தில் அது முன்னே வரவில்லை. பிரம்மம் என்று பெரியவர்கள் சொன்னதைப் பிரபஞ்சன் ஒரு தெருவின் புழக்கத்துக்குள் கண்டார். அவரை நான் ஆன்மிக எழுத்தாளர் என்று தயங்காமல் சொல்வேன்.

நம் மண்ணிலிருந்து போனவர்களின் கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் கிளம்பி, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அதில் இருந்தது. தொடர்ந்து அரை நூற்றாண்டு கப்பல்கள் போயின. வட ஆற்காடு, தென்னாற்காடு என்று நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஏராளமானவர்கள் ஏறினார்கள். இன்றும் டர்பனில் படையாச்சி, நாயுடு, பிள்ளை என்று குடும்பப் பெயர்கள் கேட்கும். கவுண்டர் அங்கே ‘கோவெண்டர்’ ஆகிவிட்டது. ஊரில் ஒருவரை ஒருவர் தள்ளி உட்காரவைத்த பட்டங்கள், கடல் தாண்டியதும் பதிவேட்டில் எழுதும் குடும்பப் பெயர்களாகத் தேய்ந்தன. தோட்ட முதலாளியின் கண்ணுக்கு எல்லாரும் ‘கூலி’.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் டர்பனுக்கு வெளியே கேட்டோ மேனர் என்ற மேட்டுப் பகுதியில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள், வீடு கட்டினார்கள், கோயில் எழுப்பினார்கள். ஜூலு மக்களும் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே பெரும் கலவரம். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறு ஆண்டே, 1950-இல், எந்த நிறத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று வகுக்கும் சட்டத்தை வெள்ளை அரசு கொண்டுவந்தது. கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று குறிக்கப்பட்டது. இந்தியர்களுக்கென்று சாட்ஸ்வொர்த் என்ற தனி நகர்ப்பகுதி கட்டப்பட்டது; ஆப்பிரிக்கர்களுக்கு வேறு இடம். வீடுகள் இடிக்கப்பட்டன. பல்லாண்டு காலம் அந்த மேடு பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. கோயில்கள் மட்டும் ஆங்காங்கே நின்றன. இடம்பெயர்ந்த மக்கள் திருவிழாவுக்குத் திரும்பி வந்து தீபம் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கேட்டோ மேனரில் 1934-இல் பிறந்தவர் ரோனி கோவெண்டர். தமிழ் வம்சாவளி. நாடகக்காரர். 1996-இல் அவர் கேட்டோ மேனர் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். காமன்வெல்த் எழுத்தாளர் பரிசில் ஆப்பிரிக்கப் பகுதிக்கான சிறந்த முதல் நூல் விருது மறு ஆண்டு அதற்குக் கிடைத்தது. ‘1949’ என்று ஆண்டையே தலைப்பாகக் கொண்ட ஒரு கதையும் அவருடையதுதான். 2021-இல் காலமானார்.

இல்லாமல்போன ஊரைத் திரும்ப எழுப்ப அவரிடம் இருந்தவை ஞாபகமும் பேச்சும் மட்டும்தான். தன் மக்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் நிறுத்துவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும், உலகமும் கைதட்டியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அவருடைய ஆட்கள் சண்டை போடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், சாமி கும்பிடுகிறார்கள், வீம்பு பிடிக்கிறார்கள். அரசு ‘இந்தியர்’ என்று முத்திரை குத்தி ஒரு பெட்டியில் போட்டவர்களை அவர் ஒவ்வொருவராக வெளியே எடுத்து, பெயர் சொல்லி, முகம் கொடுத்து நிறுத்தினார். தென்னாப்பிரிக்காவின் மற்றோர் எழுத்தாளரான நுஜாபுலோ ந்டெபெலேயும் 1980-களில் இதையேதான் வலியுறுத்தினார். கொடுமையின் காட்சிகளை மட்டும் திரும்பத் திரும்ப எழுதினால், அன்றாட வாழ்வில் மனிதர் காக்கும் மேன்மை கண்ணில் படாமல் போகும். சாதாரணத்தை மறுபடி கண்டெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1983-இல் வெளியான அவருடைய சிறுகதைத் தொகுப்பும் கறுப்பின நகர்ப்பகுதி ஒன்றின் அன்றாடத்தில்தான் வேர் கொண்டது.

சாதாரணம் என்ற அந்த இடத்தில்தான் என் மனம் தங்குகிறது. வேதாந்தியும் சூஃபியும் நம்மைக் கூட்டிப்போக விரும்புவது அங்கேதான் என்று நினைக்கிறேன். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் தோளோடு தோள் உரச நிற்கும்போது பிரான்ஸ் சம்பளக்காரரும் பரோட்டா மாவு பிசைபவரும் ஒரே அகலத்தில்தான் நிற்க முடியும். ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிக்குள் போய்விடுகிறார்கள். கடைசியில் உடலைப் போர்த்தும் கஃபன் துணியும் அப்படியே. சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடியதும் அந்த நிலையைத்தான். அவரிடம் இந்துச் சீடர்களும் வந்து சேர்ந்தார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்திலேயே நம் பழைய அகலங்கள் திரும்ப வந்துவிடுகின்றன. வரிசையில் கிடைத்ததைத் தெருவுக்கு எடுத்து வருவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையில் கதை நமக்குக் கைகொடுக்கும்.

ரமலான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் கோட்டக்குப்பத்தில் பள்ளிவாசல் பக்கம் நின்றிருந்தேன். பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி. உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். புதினாவும் மல்லியும் போட்டு இறக்கிய வாசம் தெருமுனை வரை வந்தது. தூக்குவாளியோடும் சொம்போடும் வரிசை. ஊற்றிக்கொண்டிருந்தவன் மீசை அரும்பும் வயதுப் பையன். வேலைக்குப் புதிது போலிருக்கிறது, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு ஊற்றினான். வரிசையில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, மீன் கூடையை இடுப்பில் இடுக்கியபடி ஓர் ஆயா. முறை வந்ததும் வாளியை நீட்டினார்.

‘யாரு ஊட்டுக்கு ஆயா?’

‘நம்ம ஊட்டுக்குத்தான்டா. பேரனுக்கு ஜொரம். இந்தக் கஞ்சின்னா குடிப்பான்.’

பையன் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி, பருப்பும் அரிசியுமாகக் கெட்டியாக எடுத்து இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினான். ‘சூடா இருக்கு, பாத்துத் தூக்கு’ என்றான். ஆயா கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

அங்கே எந்த மதநல்லிணக்க மேடையும் இல்லை. ஒருவரும் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. குங்குமம் நெற்றியில் இருந்தது. தொப்பி பையன் தலையில் இருந்தது. காய்ச்சல்காரப் பேரன் ஒருவன் நடுவில் வந்ததும் கேள்வியின் வேலி தாழ்ந்துவிட்டது. இதே தென்னாற்காட்டு மண்ணில், வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியபோது, வருகிறவரிடம் கேட்க வேண்டிய ஒரே அடையாளம் பசி என்று வைத்தார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. விழுப்புரத்து விடுதிக்காரர் 1896-இல் செய்ததும், கஞ்சிப் பையன் செய்ததும் அந்த அடுப்பின் நெருப்புதான்.

கோட்டக்குப்பத்துக்கு வடமேற்கே சிறிது தூரத்தில் இன்னொரு முயற்சியும் நடந்துகொண்டிருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. எந்த நாட்டுக்கும் எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத சர்வதேச நகரம் என்பது கனவு. ஐம்பதாயிரம் பேருக்கென்று திட்டமிட்டது. குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். அந்தக் கனவின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. பொட்டல் செம்மண்ணில் அவர்கள் வளர்த்த காட்டின் நிழலில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அடையாளங்களை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லும் எந்த நகரத்திலும், வாசலில் ஒரு புது அடையாளம் காத்திருக்கும். உள்ளே இருப்பவர், ஊர்க்காரர் என்ற பிரிவு அங்கும் வந்துவிட்டது. கழற்றிவைப்பதைவிட, போட்டுக்கொண்டே இறுக்கத்தைத் தளர்த்துவது மனித இயல்புக்கு நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது. குங்குமத்தோடு கஞ்சி வாங்குவது அப்படிப்பட்டது.

தெரு இருக்கும்வரைதான் இதெல்லாம். தந்திராயன்குப்பத்திலும் நடுக்குப்பத்திலும் போய்ப் பாருங்கள். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த கடல் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. வடக்கே இருந்த குப்பங்களின் மணற்கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. படகு இழுத்துப் போட்ட இடம் போயிற்று, வலை உலர்த்திய இடம் போயிற்று, பிறகு வீடுகள். கல்லைக் கொட்டிக் கொட்டிக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டோ மேனரில் சட்டம் செய்ததை இங்கே அலை செய்கிறது. வீடே கடலுக்குள் போனபின் யாரு ஊட்டுப் புள்ள என்று கேட்டால் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் கையைக் காட்டும்?

இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். சாலையின் பக்கமாகக் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் தெரியும். பாத்திக்கு அருகே போனால்தான் ஆட்கள் தெரிவார்கள். விடியுமுன்பே வந்து, வெயில் ஏறுமுன் முடிந்தவரை வாரிவிட வேண்டும். காலில் செருப்பில்லாமல் பாத்திக்குள் நின்ற ஒரு பெண், வாரிய உப்பில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, கனமாக, சற்றே சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் விரல் நுனிகள் வெடித்திருந்தன. அந்த வெடிப்பில் உப்பு இறங்கியிருக்கும். ‘எரியாதா?’ என்றேன். ‘எரியும். ராத்திரி தேங்காண்ண தடவுவேன்’ என்றார். தூத்துக்குடி உப்பளத்து மக்களோடு இருந்து ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதியதால், அந்தப் பக்கத்து உப்புத் தொழிலாளியை நமக்குக் கொஞ்சம் தெரியும். மரக்காணத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கும் இந்த அம்மாவை நமக்குத் தெரியாது. அவரிடம் பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். எண்ணெயைப் பற்றிக் கேட்டது பெயரைவிட நெருக்கமாக இருந்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கதையும் வேலியாகலாம். முஸ்லிம் தெரு என்றால் பிரியாணியும் கல்யாணமும், மீனவர் குப்பம் என்றால் சுனாமியும் சாராயமும், உப்பளம் என்றால் கண்ணீர் என்று எழுதினால், அதுவும் முத்திரை குத்துவதுதான். அரசாங்கம் செய்ததையே பேனா செய்கிறது. தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைக் கொண்டுவந்தபோது, தன் தேங்காய்ப்பட்டணத்து மக்களின் பெருமையையும் மூடநம்பிக்கையையும் அதிகாரத் திமிரையும் ஒரே கையால் எழுதினார். சொந்த ஊரின் மேல் அன்பில்லாதவரால் அப்படி எழுத முடியாது. சொந்த ஊரை மட்டுமே நேசிப்பவராலும் முடியாது. அந்த அன்புக்குத்தான் பயிற்சி தேவை. தியானம் என்று நாம் சொல்லும் பயிற்சியும் அதுதான்: ஒரு பொருளின் மேல் மனம் ஒட்டவைக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, பொருளையே பார்ப்பது.

மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் தெருவில் உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதலில் வருவது சீட்டுகள்தான்: அவங்க ஆளு, அந்தப் பக்கத்துக்காரர், வெளிநாட்டுப் பணம், பேசவே மாட்டார். அவை ஓயட்டும். ஓய்ந்தபின் ஏதாவது ஒரு சின்ன விவரம் தலைகாட்டும். அவர் வாசற்படியில் செருப்பை நேராகத் திருப்பி வைப்பார். அவர் மனைவி இறந்தபின் முற்றத்துச் செம்பருத்திக்கு அவரே தண்ணீர் ஊற்றுகிறார். அந்த விவரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். அவரைப் பற்றிய உங்கள் தீர்ப்பு எதுவும் அந்த நேரத்தில் பேசாது. அந்த மௌனத்துக்கு நான் பிரார்த்தனையின் மதிப்பைத் தருவேன். அதிலிருந்து இரண்டு பக்கம் எழுத வந்தால், அது கதை.

கோட்டக்குப்பத்துக்கு அப்படியொரு கதைத் தொகுப்பு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பள்ளிவாசல் தெருப் பெண் குப்பத்துப் பையனைப் பற்றி எழுத வேண்டும். குப்பத்துப் பையன் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்து தமிழ் தடுமாறும் பேரப்பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். சுங்கக் காவல் இருந்த நாள்களைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன. ரோனி கோவெண்டரின் கதைகளை யாராவது நல்ல தமிழில் கொண்டுவந்தால், தென்னாற்காட்டிலிருந்து போனவர்களின் குரல் போன இடத்துக்கே திரும்பி வரும். ஊரில் அஞ்சுமன் நூலகம் இருக்கிறது. உட்கார நாற்காலியும் மேசையும் இருக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, பேரனையோ பேத்தியையோ உடன் அழைத்துக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுத வேண்டாம். எதிர்வீட்டுக்காரரின் கதையிலிருந்து தொடங்குங்கள்.